முதல் முறையிலேயே பிடிக்காதது பிறகு பிடிக்குமா?

ஜனவரி 12, மாலை 6.20 (வாசகர் ஒருவரின் கேள்வி)

புதிதாக வந்த பாட்டானாலும், புதிதாகத் திறந்த உணவகமானாலும், விடுமுறையில் முதன்முதலாகப் போய்வந்த இடமானாலும், முதல் முறையிலேயே மனத்துக்குப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காத ஒன்றுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பது நேரத்தை வீணாக்குவதே என்பது என் கட்சி. மறுப்பவர் எவரேனும் உண்டா?

ஜனவரி 12, இரவு 9.45

நான் மறுக்கிறேன். அண்மையில் வெளிவந்த ஒரு பாடல் தொகுப்பை, வேலைக்குப் போகும் பேருந்தில், காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனில் கேட்டேன். ஐந்து பாடல்களையும் கேட்டு முடித்துவிட்டு, மெட்டே இல்லாத வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினேன். மூன்று வாரம் கழித்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அவற்றையே ஒலிபெருக்கியில் தணிவாக வைத்தபோது, இரண்டாம் பாடலின் அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு நடந்து போவது முதன்முறையாகக் காதில் விழுந்தது. அந்தப் பாட்டுக்கு உயிர் பல்லவியில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மாயம் எதுவும் காரணமில்லை. பேருந்து இஞ்சினின் உறுமலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கும். அதே அடுக்கில் ஒலிக்கும் பேஸை அது மூடிவிடும். இயர்போன் காதை இறுக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள்தாம் முதலில் கசிந்து போகும். நான் பேருந்தில் கேட்டது அந்தப் பாட்டின் மேல்பாதியை மட்டுமே.

நான்காம் பாடல் இரவிலும் தேறவில்லை. அதில் வரும் கைதட்டல் ஒலி யாரோ தலையில் குட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது. அதை இங்கேயே பதிவு செய்துவைக்கிறேன்.

ஜனவரி 13, காலை 7.10

ஒரு திருத்தம். மூன்று வாரம் என்று எழுதியது தவறு. கைபேசியில் கேட்ட பாடல்களின் பட்டியலைப் பார்த்தேன். இடைவெளி 11 நாள்தான். அதைவிடச் சங்கடமான செய்தி, அந்த 11 நாளில் இரண்டாம் பாடல் ஆறு முறை ஓடியிருக்கிறது. பட்டியலை முதலிலிருந்து போட்டுவிட்டு வேலையில் மூழ்கும் பழக்கத்தால் அது நேர்ந்திருக்க வேண்டும்.

இதனால் என் வாதம் பலவீனப்படுகிறது. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தெரியாத சொற்களையும் சீன எழுத்துகளைப் போன்ற குறிகளையும் முகப்படங்களையும் வெவ்வேறு எண்ணிக்கையில் மக்களுக்குக் காட்டினார். அதிக முறை கண்ணில் பட்டவை அதிகமாகப் பிடித்துப்போயின. அவற்றைப் பற்றி எவரும் எதையும் புதிதாகக் கற்கவில்லை. ஆகவே அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது பேஸ் கேட்டதாலா, ஆறு முறை காதில் விழுந்து பழகியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. நேற்றிரவு இருந்த உறுதி இன்று காலையில் இல்லை.

ஜனவரி 16, இரவு 10.30

உணவகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே பழக்கத்தின் குறுக்கீடு குறைவு. ஒரு புதிய உணவகத்துக்கு யாரும் 11 நாளில் ஆறு முறை போவதில்லை.

சென்ற சனிக்கிழமை நாங்கள் நால்வர் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்துக்குப் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம். எங்கள் மேசைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. எதிரில் இருந்த மைத்துனர் பேசுவது கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன், அவர் அதைவிட உயர்த்தினார், பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைவிட உயர்த்தினார்கள். இரைச்சலில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் எழுதிவைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கூடம் நிரம்ப நிரம்ப இது ஏணி ஏறுவதுபோல் ஏறும். கடினமான தரையும் கண்ணாடிச் சுவரும் திரைச்சீலையில்லாத சன்னலும் சேர்ந்தால் எழுந்த ஒலி எதுவும் எங்கும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டில் நான் எழுதியது இரண்டே சொற்கள்: "சுவை மட்டம்." இப்போது அதைப் படிக்கும்போது எனக்கே ஐயமாக இருக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டு உண்ணக் கொடுத்தபோது, உண்டவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைவாகவே தெரிந்தன. மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. அப்படியானால் எங்கள் மேசையில் குறைந்திருந்தது உப்பா, அமைதியா?

கைபேசியிலுள்ள ஒலிமானி 84 டெசிபெல் காட்டியது. இயல்பான பேச்சு ஏறத்தாழ 60. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே 60க்கும் 84க்கும் உள்ள தொலைவு கணிதத் தாளில் தெரிவதைவிட மிகப் பெரியது. பணியிடங்களுக்கு அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். உண்ண வந்தவர் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடலாம். பரிமாறுகிறவர் என்ன செய்வார் என்பதை அன்று நான் நினைக்கவே இல்லை. அவர் என் சொல்லை இரண்டு முறை தவறாகக் கேட்டதற்கு முகம் சுளித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஜனவரி 17, காலை 8.05

கைபேசி ஒலிமானியைப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை யாரும் அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தருவதில்லை. 84 என்பதை "பேச முடியாத அளவு" என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 17, பிற்பகல் 1.15

மேலே எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், இரைச்சலில் எல்லாச் சுவையும் குறைவதில்லை என்று பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி. விமானத்தின் உள்ளே கேட்கும் அளவு இரைச்சலை ஒலிக்கவிட்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது; அதில் இனிப்பு மங்கியது, இறைச்சியிலும் காளானிலும் தெரியும் உமாமி என்னும் சுவை மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. "அப்படியானால் உன் உணவகத்துக்காரர் சமையலை மாற்ற வேண்டியதில்லை, இனிப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்" என்கிறார் நண்பர். அவரை இனி அழைத்துப் போவதாக இல்லை.

ஜனவரி 21, இரவு 9.00

உணவகத்தில் பாட்டு எதற்கு என்ற கேள்வி நான்கு நாளாக மனத்தில் ஓடுகிறது. இது தலைப்பைவிட்டு விலகுவதுபோல் தோன்றலாம், ஆனால் விலகவில்லை.

ரொனால்ட் மில்லிமன் என்ற சந்தையியல் ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உணவகத்தில் மெதுவான தாளத்தில் பாட்டு ஒலித்த இரவுகளில் வந்தவர்கள் சராசரியாக 56 நிமிடம் இருந்தார்கள். விரைவான தாளத்தில் ஒலித்த இரவுகளில் 45 நிமிடம்தான். சாப்பாட்டுச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பானங்களுக்கான செலவு மட்டும் மெதுவான இரவுகளில் கூடியது. உரிமையாளருக்கு மேசை சீக்கிரம் காலியாக வேண்டுமா, உட்கார்ந்தவர் மேலும் ஒரு குவளை கேட்க வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தாளம் அமையலாம். அந்தச் சனிக்கிழமை வெளியே பத்துப் பேராவது வரிசையில் நின்றார்கள். எங்களை எழுப்பிவிடத்தான் அந்தத் தாளம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான ஒருவர் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகாமோத்தோ. நியூயார்க்கில் தாம் விரும்பி உண்ணும் ஓர் உணவகத்தின் சமையலை மதித்தவர், அங்கே ஒலித்த பாட்டைப் பொறுக்கமாட்டாமல், சமையற்கலைஞருக்கே எழுதித் தாமே ஒரு பாடல் வரிசையைத் தொகுத்துக் கொடுத்தார். அந்தச் செய்தி 2018இல் வெளிவந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, பாட்டுதான் நன்றாக இல்லை என்று அவரால் பிரித்தறிய முடிந்திருக்கிறது. என்னால் முடியவில்லை, ஒலிபெருக்கியின் பழியைச் சமையல்காரர் தலையில் போட்டுவிட்டேன்.

பாட்டைக் கவனிக்காதே என்று சொன்னால் மனிதர் கேட்பாரா என்பதும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1920இல் பாரிஸில், அறையிலுள்ள நாற்காலி மேசையைப்போல் கவனிக்கப்படாமல் ஒலிக்க வேண்டிய இசை ஒன்றை, நாடகத்தின் இடைவேளையில் வாசிக்கவைத்தார். இசை தொடங்கியதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகி இருக்கைக்குத் திரும்பினார்கள். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று சாட்டி அவர்களிடையே ஓடி ஓடி வேண்ட வேண்டியிருந்தது. நூறு ஆண்டில் நாம் அவர் விரும்பியபடியே நன்றாகப் பழகிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 24, இரவு 8.40

இனி வெளியில் போய்வருவது. சென்ற ஞாயிறு குடும்பத்தோடு ஓர் ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தவுடன் யார் கேட்டாலும் "வீண் அலைச்சல்" என்றே சொல்லியிருப்பேன். கேட்ட இருவரிடம் அப்படித்தான் சொன்னேன். நேற்று மகள் எடுத்த படங்களைப் பார்த்தேன். 41 படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் கரையோரப் பாறையில் கால் நீட்டிச் சாய்ந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவனைப்போல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான்: கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, செருப்பு வார் அறுந்து, இருட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த முக்கால் மணி நேரம் அதற்கு முந்திய ஆறு மணி நேரத்தையும் விழுங்கிவிட்டது.

உளவியலாளர் டேனியல் கானெமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு முறை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்த 30 விநாடியில் நீர் சற்றே, 15 டிகிரி வரை, வெதுவெதுப்பானது. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது, நினைவு அதைப் பிடித்துக்கொண்டது. என் ஏரிக்கரையில் இது தலைகீழாக நடந்திருக்கிறது.

ஆகவே முதல் முறை என்று நாம் சொல்வதே முழு முதல் முறை அன்று. அதில் ஓர் உச்சமும் ஒரு முடிவும் மட்டுமே கையில் நிற்கின்றன.

ஜனவரி 25, காலை 6.50

இரவு முழுவதும் யோசித்ததில் கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு நியாயம் தெரிகிறது. "நேரத்தை வீணாக்குவது" என்றார் அல்லவா? பாட்டுக்கு நான்கு நிமிடம். உணவகத்துக்கு இரண்டு மணி நேரமும் நால்வருக்கான பணமும். ஏரிக்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், அதுவும் நால்வரின் ஞாயிறு. இம்மூன்றுக்கும் ஒரே விதி வகுக்க முயன்றதுதான் அவர் செய்த பிழை; அதை அப்படியே எதிர்த்தது நான் செய்த பிழை.

பாட்டுக்கு நாம் கொடுக்கும் பொறுமையோ மிகவும் குறைவு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்கு முன்பே தள்ளிவிடப்பட்ட பாடல்கள் என் பட்டியலில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. இப்போதெல்லாம் பல பாடல்கள் முன்னிசையே இல்லாமல் நேரே பல்லவியில் குதிப்பதைப் பற்றி நானே குறைபட்டுக்கொள்வேன். அந்த அவசரத்தில் என் கட்டைவிரலுக்கும் பங்கு உண்டு.

ஜனவரி 30, இரவு 9.20

பிறர் கருத்து நம் கருத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசாமல் முதல் முறை, இரண்டாம் முறை என்று எண்ணுவதில் பொருளில்லை.

சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய ஆய்வாளர் மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 14,000க்கும் மேற்பட்டோர் அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் கேட்டு விரும்பியதைப் பதிவிறக்கலாம். ஒரு பிரிவினருக்குப் பிறர் எவ்வளவு பதிவிறக்கினார்கள் என்பது காட்டப்படவில்லை. மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். ஓர் உலகத்தில் கொடிகட்டிப் பறந்த பாட்டு இன்னோர் உலகத்தில் சீந்துவாரின்றிக் கிடந்தது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் உச்சிக்கு வரவில்லை; இடைப்பட்டவற்றின் கதி எப்படியும் ஆகலாம் என்பதுதான் நிலை.

செய்தித் தளம் ஒன்றில் நடந்த வேறொரு சோதனை 2013இல் வெளிவந்தது. கருத்துகளுக்கு எதேச்சையாக ஒரே ஒரு பாராட்டு வாக்கைப் போட்டுவைத்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் கூடியது. பொய்யாகப் போட்ட எதிர் வாக்கை மட்டும் பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். அப்படியானால் நட்சத்திரக் குறிகளில் நான் ஐயப்பட வேண்டியது ஒற்றை நட்சத்திரத்தை அன்று, முதல் நாளிலேயே விழுந்த ஐந்து நட்சத்திரத்தை.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. அந்தப் பாடல் தொகுப்பைப் பேருந்தில் கேட்கும் முன்பே, அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் "இரைச்சல்" என்று சொல்லியிருந்தார். ஜனவரி 12ஆம் தேதிக் குறிப்பில் நான் எழுதிய சொல்லும் அதுவே. இஞ்சின் உறுமல், கசியும் இயர்போன் என்று இவ்வளவு விளக்கம் எழுதிய நான், அந்தச் சொல்லை எங்கே பெற்றேன் என்பதை விட்டுவிட்டேன். விளக்கம் பொய்யில்லை, ஆனால் முழுமையும் இல்லை.

பிப்ரவரி 3, பிற்பகல் 3.30

அதே உணவகத்துக்கு இன்று இரண்டாம் முறை போனோம், நானும் மகளும் மட்டும். வேலைநாள், மதிய நேரக் கூட்டம் கலைந்த பிறகு, சுவரோர மேசை. கூடத்தில் ஆறு பேர்கூட இல்லை. ஏதோ ஒரு பாட்டு மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது, இதமாகவே இருந்தது. மகள் பேசியது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

உப்பு சரியாக இருந்தது. சென்ற முறை உண்டவற்றையே வரவழைத்தேன், அதே அளவில். "சுவை மட்டம்" என்பதை அடித்துவிட்டேன்.

ஆனால் கேட்டதைக் கொண்டுவர இன்றும் அரை மணி நேரம் ஆயிற்று. ஆறு பேருக்கே அவ்வளவு நேரம். இதையும் சென்ற முறை கவனித்திருந்தேன், கூட்டத்தின் மேல் பழிபோட்டு மன்னித்திருந்தேன். ஆக என் முதல் தீர்ப்பில் கண்டித்தது தவறு, மன்னித்தது அதைவிடத் தவறு. இது கேள்வி கேட்டவருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று தெரியவில்லை.

மூன்றாம் முறை போவேனா என்றால், பசி இல்லாத நேரமாகப் பார்த்துப் போவேன்.

பிப்ரவரி 5, காலை 7.00

ஏரிக்கரைக்கு இன்னும் போகவில்லை. செருப்பு மட்டும் தைத்தாகிவிட்டது.

பிப்ரவரி 8, இரவு 10.10

எத்தனை முறை கேட்டால் போதும் என்று எண்ணிக்கையாகக் கேட்ட நண்பருக்கு: 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இசைத் துணுக்குகளைச் சிலவற்றை 2 முறை, சிலவற்றை 8 முறை, சிலவற்றை 32 முறை ஒலிக்கவிட்டார்கள். கூர்ந்து கேட்டவர்களுக்கு விருப்பம் முதலில் ஏறி, 32ஐ எட்டும்போது இறங்கியது. வேறொன்றில் கவனம் வைத்து, பின்னணியில் மட்டும் கேட்டவர்களுக்கு விருப்பம் இறங்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. சலிப்பதற்கும் கவனம் வேண்டும் போலிருக்கிறது.

நான் ஜனவரி 13இல் ஐயப்பட்ட அந்த ஆறு முறை, இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வேலையில் மூழ்கியிருந்தபோது ஓடியது. எனவே பேஸ் கிட்டாருக்கு நான் கொடுத்த பெருமையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நான்காம் பாடலை மட்டும் கூர்ந்து கேட்டே வெறுத்தேன் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அது என் சொந்தத் தீர்ப்பு. பேருந்தும் இல்லை, பக்கத்து இருக்கைக்காரரும் இல்லை.

பிப்ரவரி 11, இரவு 9.35

மகள் இவற்றையெல்லாம் இன்றுதான் படித்தாள். பிப்ரவரி 3ஆம் தேதிக் குறிப்பில் "ஏதோ ஒரு பாட்டு" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது என்ன பாட்டு என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான்காம் பாடல் என்றாள். முழுவதும் ஓடியதாம், கைதட்டல் உட்பட. நான் நடுவில் மேசையில் விரலால் தாளம் வேறு போட்டேனாம். விரல் விஷயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். கைதட்டல் இன்னும் தலையில் குட்டுகிறது. இதை மூன்றாம் முறை என்று எழுதுவதா, உணவகத்தில் ஒலித்ததையும் சேர்த்து நான்காம் முறை என்று எழுதுவதா என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.